வடக டப்பாவுக்குப் போன நான்கு பொட்டலங்கள்

1

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது. இரண்டு என் தம்பி பிள்ளைகள். தம்பி மனைவி சரோஜா கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தபோது என்னிடம் விட்டது, அப்படியே என்னிடம் வளர்ந்தது. ஏழாவது வினோதினி. என் பெரிய மகளின் மகள். பிரான்சில் பிறந்தவள். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் முறை வேலை. அதனால் குளிப்பாட்டியது, ஊட்டியது, பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது எல்லாம் நான்.

இந்த ஏழு பேரில் ஒருவரும் தைலம்மாள், அதாவது நான், பொய் சொன்னதாகச் சொன்னதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதப் போவது வேறு.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் எங்கள் தெருப் பெண்கள் போடும் ஆண்டு மலருக்கு வருடம் ஒரு தடவை, நான் விமானம் ஏறிய ஐப்பசி மாதத்தில், வெளிநாட்டுக் கதை எழுதிக் கொடுத்து வருகிறேன். ஏறி முப்பத்தோரு வருடம் ஆகிறது. பனியைப் பற்றி எழுதினேன். மாடி ஏறும் பெட்டியில் மாட்டிக்கொண்டதைப் பற்றி எழுதினேன். சிரித்தீர்கள், நல்லது.

இந்த வருடம் அங்கிருந்து எழுதவில்லை. இங்கேயே, நெல்லித்தோப்பில், தம்பி வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மழை. வினோவுக்கு இங்கே ஒரு வாரம் வேலை. துணைக்கு என்று நானும் ஏறி வந்துவிட்டேன். நாளைக் காலை அவள் தன் வாத்தியாருக்குக் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அனுப்பப் போகிறாள். அதற்குள் நான் இதை முடித்தாக வேண்டும். எழுத்து கோணிப் போவதற்கு வயது காரணம் இல்லை. பயம்.

2

பிரான்சில் எந்தப் பொருள் வாங்கினாலும் உள்ளே ஒரு வெள்ளைப் பொட்டலம் இருக்கும். மாத்திரை டப்பா, செருப்புப் பெட்டி, தோல் பை, எல்லாவற்றிலும். உள்ளே ஜவ்வரிசி போல மணிகள். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஊர்க்காரர்கள் பிரித்த கையோடு குப்பையில் போடுவார்கள். நான் போடமாட்டேன்.

ஏன் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மாதத்தில் உப்பு ஜாடியில் உப்பு அழுகிறது. கதவு உப்பிக்கொண்டு சாத்த மாட்டேன் என்கிறது. சரோஜா சித்திரை வெயிலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து உருட்டி, காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி எடுத்துவைக்கும் வடகம் ஐப்பசி வந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு வருடம் நான் விளையாட்டாகப் பத்துப் பொட்டலம் கொண்டுவந்து அவள் டப்பாவில் போட்டேன். அந்த வருடம் பூஞ்சை இல்லை. அன்றிலிருந்து நான் பெட்டியைத் திறக்கும் முன்பே சரோஜா கேட்பாள்: "அக்கா, பொட்டலம் கொண்டாந்தியா?"

சென்ட், சாக்லெட் எல்லாம் அப்புறம். பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தோடு வருவாள். எதிர்வீடு வரும். நான்கு தெருவுக்கு நான்தான் பொட்டலம் கொடுப்பவள். எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

இந்தத் தடவை கிளம்புகிற அன்று காலை, செவ்வாய்க்கிழமை, வினோ கடைக்குப் போயிருந்தாள். அவளுடைய கைப்பை என் கட்டில் மேல் இருந்தது. கம்பளிச் சட்டை வைத்தாளா என்று பார்க்கத்தான் திறந்தேன். உள்ளே வெள்ளி நிறத்தில் கெட்டியான ஒரு உறை, மேலே அழுத்தி மூடுகிற பட்டை. அதைத் திறந்தேன். தட்டையான ஒரு பிளாஸ்டிக் பெட்டி, சுற்றிலும் மெழுகுத்தாள் மாதிரி இழுத்துக் கட்டியிருந்தது. பெட்டியோடு நான்கு பொட்டலங்கள். அப்படிப் பொட்டலத்தை நான் பார்த்ததே இல்லை. செருப்புப் பெட்டியில் வருவதைப் போல மூன்று மடங்கு, நல்ல கொழுத்தது.

பெட்டிக்குத்தான் மெழுகுத்தாள் சுற்றியிருக்கிறதே, இது எதற்கு என்று நினைத்தேன். நான் யோசித்தது அவ்வளவுதான். நான்கையும் எடுத்து என் பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன். உறையின் வாயை அழுத்தினேன்.

3

புதன்கிழமை வந்து இறங்கினோம். பொட்டலங்கள் சரோஜா கைக்குப் போயின. வினோ அந்த வெள்ளி உறையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். சனிக்கிழமை மத்தியானம் சரோஜா அப்பளம் பொரிக்க உட்கார்ந்தவள் கேட்டாள்:

"ஏன்டி, அது இன்னா, தாலிக்கு எடுத்த தங்கமா? கையோடவே வெச்சிகினு திரியுற."

"தங்கம் இல்ல சரோஜா ஆயா. கல்லு. ரொம்ப மெலிசான கல்லு." வினோ தரையில் உட்கார்ந்து அப்பளக் கட்டை எடுத்தாள். மேலே இருந்தது கையில் தொங்கியது. "ஐயோ, அப்பளம் செத்துப் போச்சு."

"செத்துப் போவல. நமத்துப் போச்சு" என்றேன். அவள் தமிழ் இப்படித்தான். பேசுவாள், ஆனால் சொல் எங்கேயாவது இடறும்.

"நமத்துப் போச்சு" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு நான்கு அப்பளத்தை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினாள். "ஆயா, நீ கேட்டதே இல்ல, நான் அங்க என்ன பண்றேன்னு. இப்ப கேளு. இது ஒரு ஏடு. காரீயமும் அயோடினும் சேந்த ஏடு. தலைமுடிய லட்சமா கிழிச்சா ஒண்ணு எவ்ளோ இருக்குமோ, அவ்ளோதான் தடிமன். இதுக்கு மேல மாவு தூவியிருக்கில்ல? அங்கயும் அப்டிதான். மாவுக்குப் பதிலா கொழுப்பு மாதிரி ஒரு படலம். அப்புறம் ஏடு, அப்புறம் படலம். ஆயிரக்கணக்கா. ஏட்டுல மின்சாரம் ஓடும். படலத்துல ஓடாது."

"ஓடி?" என்றாள் சரோஜா.

"வெளிச்சம் பட்டா ஏட்டுல இருக்கற ஒரு எலெக்ட்ரான் எழுந்துக்கும். அது உக்காந்திருந்த இடம் காலியாயிடும். அந்தக் காலி இடமும் நடக்கும். அதையும் நாங்க ஒரு ஆளாதான் பாப்போம். துளைன்னு பேரு."

சரோஜா எண்ணெயிலிருந்து கண்ணை எடுத்துச் சிரித்தாள். "காலி இடம் எப்டிடி நடக்கும்? இத்தச் சொல்லிக் குடுக்கவா உன்ன அவ்ளோ தூரம் படிக்க வெச்சாங்க?"

"நடக்கும்" என்றேன் நான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியும். பிரான்சில் தங்குவதற்கு கார்த் என்கிற அனுமதி அட்டை வாங்க அரசாங்க அலுவலகத்தில் நீள வரிசையாய் நாற்காலி போட்டிருப்பார்கள். முதல் நாற்காலிக்காரரைக் கூப்பிட்டதும் அவர் எழுந்து போவார். இரண்டாவது ஆள் முதல் நாற்காலிக்கு நகர்வார், மூன்றாவது ஆள் இரண்டாவதற்கு. ஆட்கள் எல்லாம் முன்னால் ஒரு இடம் நகர, காலி நாற்காலி மட்டும் பின்னால் பின்னால் வந்து கதவோரம் நிற்கும். அப்போது புதிதாக ஒருவர் வந்து அதில் உட்காருவார். வருடக்கணக்கில் அந்தக் காலி நாற்காலி என் பக்கத்தில் நடந்து வருவதைப் பார்த்தவள் நான்.

இதைச் சொன்னதும் வினோ கை தட்டினாள். "வுவாலா! ஆயா, இத நான் என் தீசிஸ்ல போட்டுக்கறேன்."

அந்த அலுவலகத்தில்தான் என் பெயரும் போனது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மதாம் குடும்பப் பெயர் என்ன, முதற்பெயர் என்ன என்று கேட்டாள். எனக்கு இருப்பது ஒரே பெயர். அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, அடுத்த கட்டத்தில் 'முதற்பெயர் இல்லை' என்று அவர்கள் பாஷையில் அடித்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு வரும் கடிதமெல்லாம் 'முதற்பெயர் இல்லை' என்றே வருகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அப்படித்தான் கூப்பிடுவாள், நானும் எழுந்து போவேன். வினோ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஆயாவுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கதைக்கு வருகிறேன்.

"எழுந்து போனது எங்க போவுது?" என்று கேட்டேன்.

"தடிமனான கல்லுல அது ஒரு பக்கம் போயிடும், காலி இடம் ஒரு பக்கம் போயிடும். அதுதான் கரென்ட். சோலார் தகட்டுல அதுதான் நடக்குது. ஆனா இந்த மாதிரி ஏடு ஏடா இருந்தா பிரிய மாட்டாங்க. ஒருத்தர ஒருத்தர் இழுத்துகினே சுத்துவாங்க. ஒரு நொடிய கோடிகோடியா பிளந்தா அதுல கொஞ்ச நேரம். அப்புறம் போனது திரும்பி வந்து அதே மாதிரி ஒரு இடத்துல உக்காந்துக்கும், வெளிச்சம் வரும். அந்த ஜோடிக்கு எக்ஸிடான்னு பேரு."

"ஏன் பிரிய மாட்டாங்க?"

"நடுவுல ஆள் இல்ல ஆயா. தடிமனான கல்லுல சுத்தி இருக்கறவங்க எல்லாம் நடுவுல பூந்து அந்த இழுப்ப கொறைச்சிடுவாங்க. இங்க மேலயும் கீழயும் வெறும் படலம். அது ஒண்ணும் கொறைக்காது."

அது எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே விளங்கியது. இந்த நெல்லித்தோப்பு வீட்டில் ஒரு காலத்தில் பதினோரு பேர் இருந்தோம். நான் சரோஜாவைத் திட்டினால் என் அம்மா நடுவில் வருவாள், தம்பி வருவான், ஒரு குழந்தை அழும், திட்டு பாதியில் கரைந்துவிடும். பிரான்சில் இரண்டு அறை. வினோவின் அம்மா வேலைக்குப் போனபின் நானும் அவளும். நான் ஒரு சொல் சொன்னால் அது நேராக அவள் மேல்தான் விழும். அவள் முகத்தைத் திருப்பினால் எனக்குப் பார்க்க வேறு முகம் இல்லை.

வினோ அப்பளத்தின் விளிம்பைத் தடவினாள். "ஆனா ஓரத்துல ஒண்ணு நடக்குது. நடுவுல பிரியாத ஜோடி ஓரத்துக்கு வந்தா பிரியுது. அங்க வெளிச்சத்தோட நிறமே வேற. நடுவுல மஞ்சள், ஓரத்துல செவப்பு. நான் பாத்தேன். மூணு வருஷமா அததான் எழுதறேன். பரீட்சை பண்றவர் ஒத்துக்க மாட்டேங்கறார். காத்துல இருக்கற ஈரம் பட்டு ஓரம் கெட்டிருக்கும், அதான் செவப்புன்னு சொல்றார். நான் சொல்றேன், இல்ல, அது ஓரத்தோட குணம்."

"யார் சொல்றது சரி?" என்றாள் சரோஜா.

"திங்கக்கிழமை தெரிஞ்சிடும். காத்தே இல்லாத கண்ணாடிப் பெட்டிக்குள்ள கைய விட்டு இத செஞ்சேன். அங்கயே மூடி, அங்கயே உறை போட்டேன். துளி ஈரம் பட்டதில்ல. இங்க ஊருக்கு வெளிய ஒரு ஆய்வுக்கூடத்துல மிஷின் இருக்கு. வேற எடம், வேற கை. அங்க தொறந்து பாத்தும் ஓரம் செவப்பா எரிஞ்சா, நான்தான் சரி. டிசம்பர்ல தீசிஸ் முடிச்சிடலாம்."

"ஈரம் பட்டிருந்தா?" இதைக் கேட்டது நான்.

"பட்டிருந்தா ஒண்ணுத்துக்கும் ஆவாது. செவப்பு வந்தாலும் அது ஓரமா ஈரமான்னு சொல்ல முடியாதே. இந்த ஊரு காத்துக்கு பயந்துதான் உறைக்குள்ள நாலு பெரிய பொட்டலம் போட்டு வெச்சிருக்கேன்."

சரோஜா அப்பளத்தை எண்ணெயில் போட்டாள். என் கையிலும் ஒன்று இருந்தது. கையை இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது. நமத்த அப்பளம், உடையவில்லை, மடங்கிக்கொண்டது.

4

நான்கு பொட்டலமும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் என் வேலை சுலபம். சரோஜா இரண்டைத்தான் வடக டப்பாவில் போட்டிருந்தாள். ஒன்று அரிசி மாவில் கிடந்தது. இன்னொன்றைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அந்தப் பொட்டலத்தைக் குடும்மா, அது காலாவதியானது. தெரியாம குடுத்துட்டாங்க" என்றேன்.

"பொட்டலத்துக்குமா ஆயா தேதி போடுறாங்க?" என்று சொல்லிக்கொண்டே அவள் கருவாட்டு ஜாடிக்குள் கையைவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

எழுபத்தெட்டு வயதில் நான் சொன்ன முதல் பொய் அது என்றால் நம்ப மாட்டீர்கள். பெரிய பொய் அதுதான்.

நான்கையும் ஈரமில்லாத துணியால் துடைத்தேன். வாசனை போகவில்லை. வினோ குளிக்கப் போன நேரம் பார்த்து அந்த வெள்ளி உறையை எடுத்தேன். அதன் வாய் ஒரு விரற்கடை திறந்திருந்தது. செவ்வாய்க்கிழமை நான் அழுத்தியதுதான், ஓரத்தில் பிடிக்கவில்லை. ஐந்து நாள். அதில் நான்கு நாள் இந்த ஊர் மழைக்காற்று. உள்ளே பெட்டியைச் சுற்றியிருந்த மெழுகுத்தாள் பார்வைக்கு அப்படியேதான் இருந்தது. ஆனால் என் கண்ணுக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. ஈரம் நுழைந்த வழி எப்படித் தெரியும்?

பொட்டலங்களை வைத்து, இந்தத் தடவை வாயை நகத்தால் இழுத்து இழுத்து மூடினேன். குளியலறையில் தண்ணீர் நின்றது. உறையை அவள் தலைமாட்டிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அப்புறம் இன்னொரு பயம் வந்தது. காரீயம் என்றாளே. அது விஷம் என்று எனக்குத் தெரியும். விஷப் பெட்டியோடு இருந்த பொட்டலம் மூன்று நாள் வடகத்தில் கிடந்திருக்கிறது. அந்த வடகத்தைத் தாளித்த குழம்பைத்தான் எல்லோரும் தின்றோம். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தேன். மாவையும் கொட்டினேன். திரும்பி வந்தால் சரோஜா காலி டப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னாக்கா பண்ண? ஒரு சித்திரை முழுக்க மொட்டை மாடியில காக்கா வெரட்டுனேன்!"

"பூஞ்சை புடிச்சிருந்துது."

"நேத்து நான் தாளிச்சேன், பூஞ்சையும் இல்ல ஒண்ணும் இல்ல. உன் மூஞ்சிதான் வெளுத்துக் கெடக்குது. இன்னா விஷயம், சொல்லு."

சொல்லிவிட்டேன். ஒன்று விடாமல். சரோஜா காலி டப்பாவைக் கீழே வைத்தாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தலை துவட்டிக்கொண்டிருந்த வினோவை நோக்கிச் சத்தமாகக் கேட்டாள்: "ஏம்மா, அந்தக் காரீயம்னியே, அது பொட்டிக்கு வெளியவும் இருக்குமா?"

"இல்ல, உள்ளதான். கண்ணாடித் துண்டு மேல, கண்ணுக்குத் தெரியாத அளவு. ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

என் பக்கம் திரும்பினாள். "கேட்டியா? ஒரு வருஷ வடகம் தெருவுல கெடக்குது." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "இதோ பாரு. பொட்டலம் உள்ள போயிடுச்சி. நீ ஒண்ணும் பாக்கல, நானும் ஒண்ணும் பாக்கல. வாய மூடிகினு இரு. கல்லு கெட்டிருந்தா அவளே பாத்து இன்னொண்ணு செஞ்சிக்குவா."

அதைத்தான் நானும் பிடித்துக்கொண்டேன். கெட்டிருந்தால் தெரிந்துவிடும். அன்று ராத்திரி சாமியிடம் நான் வேண்டிக்கொண்டது, அந்தக் கல் நன்றாகக் கெட்டுப் போயிருக்க வேண்டும் என்று.

5

திங்கட்கிழமை வினோ ஆட்டோவில் கிளம்பிப் போனாள். நான் சோறு தின்னவில்லை. போன் அடித்தபோதெல்லாம் நானே முந்திப் போய் எடுத்தேன். பொழுது சாயும் நேரம் வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கியவள் நனைந்துகொண்டே ஓடிவந்தாள், படி ஏறும்போதே கத்தினாள்.

"ஆயா! செவப்பு! ஓரம் பூரா செவப்பு!"

என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். சரோஜாவைச் சுற்றினாள். ஈரத் தலையோடு என் மடியில் விழுந்தாள். பத்து வயதுக்கு அப்புறம் அவள் என் மடியில் விழுந்ததே இல்லை.

"நடுவுல மஞ்சள். ஓரத்துல கோடு போட்ட மாதிரி செவப்பு. பெட்டியில இருந்த எல்லாத் துண்டுலயும். அவங்க மிஷின், அவங்க ஆளு. நான் கையே வெக்கல. துளி காத்து படாத கல்லு ஆயா! இனிமே அந்தப் பரீட்சைக்காரர் என்ன சொல்லுவார்?"

"ஒண்ணும் கெடலியா?" என்றேன்.

"ஒண்ணும் கெடல. ஒரே ஒரு கூத்து." சிரிக்க ஆரம்பித்தாள். "உறைய தொறந்தா வாசனை! வடகம், கருவாடு, எல்லாம்! மிஷின்கிட்ட நின்ன பொண்ணு, 'என்ன மேடம், சாப்பாடு கட்டினு வந்தீங்களா, எங்களுக்கு பசிக்குது'ன்னா. நான் சொன்னேன், எங்க ஆயா பெட்டிக்கு பக்கத்துல வெச்சிருந்தா எந்த உறையும் தாங்காதுன்னு."

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கல் கெட்டிருக்க வேண்டும் என்று நான் ஏன் வேண்டினேன் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கெட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள், இன்னொன்று செய்திருப்பாள். இப்போது அவள் சிரிக்கிறாள். அந்தச் சிவப்பு ஓரத்தின் குணமா, என் கை திறந்துவிட்ட ஈரமா, யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதே அவளுக்குத் தெரியாது. 'துளி காற்றுப் படாத கல்' என்று எழுதித் தன் பெயரைக் கீழே போடப் போகிறாள். அது பொய். அவள் பொய் சொல்லாமலே அது பொய்.

6

சரோஜா செவ்வாய்க்கிழமை முழுக்க என் பின்னாலேயே வந்தாள். "அந்தப் பொண்ணு மூணு வருஷமா தூங்கல. இப்பதான் மூஞ்சியில களை வந்திருக்கு. அத நீ புடுங்கப் போறியா? ஒருவேளை ஈரம் உள்ள போயே இருக்காது. அவ சொன்னதே சரியா இருக்கும்."

இருக்கலாம். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. அந்த ஆசைதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது.

வினோவுக்கு எட்டு வயதில் ஒன்று நடந்தது. பள்ளிக்கூடத்துப் பையில் இன்னொரு பிள்ளையின் ரப்பர் இருந்தது, ஸ்ட்ராபெர்ரி வாசனை. கேட்டேன், எடுத்தேன் என்றாள். மறுநாள் காலை வகுப்புக்குள்ளேயே கூட்டிப்போனேன். எல்லார் முன்னாலும் சொல் என்றேன். அவர்கள் பாஷை எனக்கு அப்போது பாதிதான் புரியும். அவள் சொன்னாளா, மழுப்பினாளா என்று தெரியவில்லை. அதனால் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றேன். டீச்சர் முகம் மாறினபிறகுதான் நகர்ந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. நடுவில் வந்து சமாதானம் சொல்ல ஆள் இல்லாத வீடு அது. அந்த இரண்டு நாள் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும்.

அப்போதாவது அவள் எட்டு வயதுப் பிள்ளை. எங்கே போவாள், மூன்றாம் நாள் பசித்ததும் "ஆயா" என்று வந்தாள். இப்போது இருபத்தேழு. தீசிஸ் முடிந்ததும் வேறு ஊரில் வேலை என்கிறாள். என்னோடு பேசுவதே குறைந்துவிட்டது. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். மற்றதெல்லாம் அம்மாவோடு அவர்கள் பாஷையில் வேகமாக ஓடும். நான் ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் பத்துச் சொல் போய்விடும். இதைச் சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள் என்று பயமாக இருக்கிறது. அந்த வயதில் எழுந்து போகிறவர்கள் திரும்பி வந்து உட்காருவதில்லை.

செவ்வாய் இரவு சோறு போடும்போது சொல்லிவிடலாம் என்று அவள் எதிரே உட்கார்ந்தேன். "வினோ" என்றேன்.

"சொல்லு ஆயா."

"கொஞ்சம் ரசம் ஊத்திக்கோ" என்றேன்.

நான் யாரிடமும் தப்பு என்று சொல்லிப் பழகாதவள். என் மாமியாரிடம் சொன்னதில்லை. கட்டினவரிடம் சொன்னதில்லை. ஏழு பிள்ளைகளையும் சொல்ல வைத்தேன். என் வாய் மட்டும் அந்தச் சொல்லைப் பழகவில்லை. இன்று புதன்கிழமை காலையிலிருந்து மூன்று தடவை மாடிப்படியில் பாதி வரை இறங்கிவிட்டுத் திரும்பி வந்தேன். கீழே அவள் கடிதம் தட்டிக்கொண்டிருக்கிறாள். சத்தம் மேலே வரைக்கும் கேட்கிறது.

அதனால்தான் நோட்டை எடுத்தேன். வாயில் வராதது கையில் வருகிறதா என்று பார்க்க.

7

மலர்க்காரப் பெண்கள் சாயந்திரம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியாது. நான் எழுதியதை என்னாலேயே படிக்க முடியாது. கண்ணும் இல்லை, எழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வருடமும் எழுதி முடித்ததும் வினோதான் எனக்குத் திரும்பப் படித்துக் காட்டுவாள். பனியைப் பற்றி எழுதியபோது அவளுக்கு ஏழு வயது, எழுத்துக்கூட்டி அரை நாள் படித்தாள். அவள் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டது என் கோணல் எழுத்தைப் பார்த்துத்தான். வருடத்துக்கு ஒருநாள் அவள் தமிழ் படிக்கிறாள் என்றால் அது இந்த நாள்.

இன்றைக்கு வேறு யாரையாவது படிக்கச் சொல்லலாம். சரோஜாவின் மகனுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். சரோஜாவே சொன்னாள், "அவன்கிட்ட குடு, இல்லாட்டி கிழிச்சிப் போடு, பனியைப் பத்தியே இன்னொண்ணு எழுது" என்று. கையிலிருந்து பிடுங்கிக் கிழிக்கவும் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை.

இதை அச்சில் போடலாமா என்பதை வினோ சொல்லட்டும். வேண்டாம் என்றால் இந்த வருடம் மலரில் என் பக்கம் காலியாக இருக்கும். பரவாயில்லை.

இப்போது அவளைக் கூப்பிட்டேன். "இதோ வர்றேன் ஆயா, கடைசி வரி" என்கிறாள். படியில் கால் சத்தம் கேட்கிறது. என் கை எழுதுவதை நிறுத்த மாட்டேன் என்கிறது, நிறுத்தினால் கொடுக்க வேண்டுமே.

வினோ, இந்தா நோட்டு. கண்ணாடி போட்டுக்கொள். இங்கே என் எதிரே உட்கார். எனக்கு எழுபத்தெட்டு வயது என்று ஆரம்பித்திருக்கிறேன், அங்கிருந்து படி. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், அவசரம் இல்லை. பொட்டலம் வரும் இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்க்காதே. கடைசிவரை படித்துவிட்டு, அப்புறம் உன் கடிதத்தில் என்ன மாற்றவேண்டுமோ மாற்று. என்னோடு பேசாமல் இருக்க வேண்டும் என்றால் இரு. ஆனால் இதை மட்டும் சத்தமாகப் படி. நான் செய்ததை நீ சொல்லி நான் கேட்க வேண்டும். அன்றைக்கு உன் வகுப்பில் கதவோரம் நின்ற மாதிரி, நான் நகராமல் இங்கேயே இருக்கிறேன்.

படிடி கண்ணு.